பம்பு மூடிக்கு வைத்த அட்டை

மெக்கானிக் ராஜா முகமதுவுக்கு நான் இருநூற்று எண்பத்தைந்து ரூபாய் கடன்பட்டிருந்தேன். கூலி நூற்று அறுபது. அவர் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய பேரிங், ரிங் சாமான்கள் நூற்று இருபத்தைந்து. அறுபத்தைந்தாம் வருடம் ஆடி மாதம் கொடுத்திருக்க வேண்டிய பணம். கையில் இல்லாமல் போய்விடவில்லை. அந்த ஆடியில் என் பனியன் கம்பெனியில் சனிக்கிழமைப் பட்டுவாடாவே ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஆறுச்சாமி. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. அவிநாசிக்குக் கிழக்கே எங்கள் கிணற்றில் ஆயில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன். திருப்பூருக்கு நடந்தே வந்து, பனியன் மிஷினுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்து, ஒன்பதே வருடத்தில் சொந்தமாக இரண்டு மிஷின் போட்டேன். அறுபத்தைந்தில் அது பதினாறு. 'நெல்லிக்கனி மார்க்' என்று சிவப்பு எழுத்துப் போட்ட என் அட்டைப்பெட்டி கல்கத்தா வரைக்கும் போனது. யாரிடமும் கைநீட்டியதில்லை. யாருக்கும் பாக்கி வைத்ததில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

ராஜா முகமதுவின் அத்தா பல்லடம் சந்தையில் கருவாடு விற்றவர். மகனைப் பன்னிரண்டு வயதில் கோயமுத்தூரில் ஒரு பஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். ஆறு வருடம் சாமான் கழுவுகிற வேலை. யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துப் பூட்டிப் பழகினார். ஐம்பத்தாறில் திருப்பூர் வந்து, தாராபுரம் ரோட்டில் நஞ்சப்பன் என்பவருடைய காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். பெயர்ப்பலகை கிடையாது. வேலைக்கு ஆள் கிடையாது. பிரிப்பதும் கழுவுவதும் பூட்டுவதும் அவரே.

கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பழைய செய்தித்தாள் விரித்து, கழற்றிய வரிசையிலேயே வைப்பார். அந்தத் தாளை ஒருவரும் தாண்டக் கூடாது. போல்ட் முடுக்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். போதும் என்று ஏதோ ஒன்று அவர் காதில் சொன்ன மாதிரி சட்டென்று நிறுத்திவிடுவார். அவர் பூட்டிய இஞ்சின் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் எதிரில் நிற்கிற மனிதனிடம் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது. இரவல் கேட்ட ஜாக்கியைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கல்லை அடுக்கி வண்டி தூக்கினார். பாதிக் கூலி கொடுத்தாலும் "சரீங்க." வராத கூலிக்கும் "சரீங்க, பாத்துச் செய்யுங்க."

என்னுடைய பழைய அம்பாசிடர் புகை தள்ள ஆரம்பித்தபோது அவரிடம்தான் விட்டேன். இஞ்சினை முழுதாக இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்றார்.

"ஏனுங்க ராவுத்தரே, எத்தனை நாளாகும்?"

"ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள முடிச்சாகணுமுங்க முதலாளி. உங்களுக்காக இல்லீங்க, எனக்காக."

விஷயம் இதுதான். நஞ்சப்பனுக்குப் பத்து மாத வாடகை நின்றுபோயிருந்தது. இருநூற்று ஐம்பது ரூபாய். ஆவணி முதல் தேதி கட்டாவிட்டால் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று ஆள் வைத்துச் சொல்லிவிட்டார். என் வண்டிப் பணம் வந்தால் கொட்டகை நிற்கும், வராவிட்டால் இல்லை. இதை அவர் என்னிடம் ஒளிக்கவில்லை. நானும் பெரிய மனதோடு, "வண்டி ஓடட்டும், மொத்தமா எண்ணி வெக்கறேன்" என்றேன். முன்பணம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்காத பணத்தைக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை. இஞ்சின் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. அடித்தொட்டிக்குள் உட்காருகிற ஆயில் பம்பைப் பூட்ட வேண்டியது மட்டும் பாக்கி. தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி பேரிங்குகளுக்குத் தள்ளுவது அந்தப் பம்புதான். எண்ணெய் வராவிட்டால் பேரிங் வெந்துபோகும். ராஜா முகமது பம்பின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற உருளைக்குமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, விசிறி மாதிரி விரிகிற மெல்லிய தகடுகளைச் செருகி இடைவெளி அளந்தார். ஏதோ விளக்கமும் சொன்னார். நான் கல்கத்தா ஆர்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. கையை மண்ணெண்ணெயில் கழுவினார்.

"தொழுதுட்டு வந்து மூடி பூட்டிக்கறனுங்க. அப்படியே இருக்கட்டும்."

அவர் போன பிறகு நான் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பம்பும் அதன் மூடியும் தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குனிந்து பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்க வைக்கிற பேக்கிங் இல்லை. தாள் முழுக்கத் தேடினேன், மற்ற இடத்துக்கெல்லாம் பேக்கிங் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

எங்கள் பக்கம் கிணற்றுப் பம்பு பூட்டிய எவனைக் கேட்டாலும் சொல்வான், பேக்கிங் இல்லாத பம்பு காற்றை இழுக்கும், தண்ணீரை இழுக்காது என்று. பத்து வயதிலிருந்து அட்டையை வெட்டி, கிரீஸ் தடவி, பைப்பு மூட்டுக்கு வைத்து வளர்ந்தவன் நான். மனிதர் மறந்துவிட்டார், வாடகைக் கவலையில் புத்தி கலங்கிக் கிடக்கிறது என்று நினைத்தேன். பரிதாபமாகக்கூட இருந்தது.

என் பையில் சாம்பிள் பனியன் பெட்டி ஒன்று இருந்தது. பனியனை எடுத்து வெளியே வைத்தேன். பெட்டி மூடியின்மேல் பம்பு மூடியை வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, பையிலிருந்த என் கட்டிங் கத்தரியாலேயே வெட்டினேன். துணி வெட்டிப் பழகிய கை, ஒரு நூல் பிசகவில்லை. இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, வைத்து, மூடி, போல்ட்டை முடுக்கினேன். வெளியே அட்டையின் விளிம்புகூடத் தெரியவில்லை. கிரீஸும் கறுப்பும் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

ராஜா முகமது திரும்பி வந்தார். பம்பு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நானே முடுக்கிட்டேன் ராவுத்தரே. உமக்கு ஒரு வேலை மிச்சம்."

அவர் பம்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். தண்டைச் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"ஒருக்கா அவுத்துப் பாத்துட்டுப் பூட்டட்டுங்களா?" ஸ்பேனர் அவர் கையில் இருந்தது.

"நான் முடுக்குனதை நீர் அவுப்பீரா? பதினாறு மிஷின் ஓட்டற கை இது. பனியன் மிஷின்ல இருக்கற நுணுக்கம் இதுல என்ன இருக்குது?"

"அதுக்கில்லீங்க..."

"அப்பறம் எதுக்கு?"

"சரீங்க" என்றார். பம்பை இஞ்சினில் வைத்துப் பூட்டினார். அட்டை வைத்ததை நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அவர் மறந்ததைச் சொல்லிக் காட்டினால் வெட்கப்படுவார் என்று விட்டுவிட்டேன். அது மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இஞ்சின் வண்டியில் ஏறியது. ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டுகிற முள் எழுந்து நின்றது. தண்ணென்று கெட்டியாக இருக்கிற எண்ணெய் எந்தப் பம்பிலும் ஏறும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஊருக்குள் நாலு நாள் ஓட்டினேன். சத்தமே இல்லை. சூடேறுவதற்குள் கம்பெனி வந்துவிடும், ஊடு வந்துவிடும்.

"ஞாயித்துக்கெழமை கொமரலிங்கம் போய்ட்டு வந்து பணம் தர்றேன்" என்றேன்.

"சரீங்க. மொதல்ல கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க. முள்ளை மட்டும் பாத்துக்குங்க."

கொமரலிங்கம் என் மாமனார் ஊர். மனைவி முத்தாத்தாளோடு போனேன். பல்லடம் தாண்டியதும் முள் இறங்க ஆரம்பித்தது. புதிதாகப் பூட்டிய இஞ்சினில் முள் அப்படித்தான் இருக்கும் என்று முத்தாத்தாளிடம் சொன்னேன். குடிமங்கலத்துக்கு அந்தப்பக்கம் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வண்டியே நின்றது. பிறகு இஞ்சின் சுற்றவே இல்லை.

"ராவுத்தர் சொன்னாரே, முள்ளைப் பாக்கச் சொல்லி" என்றாள் முத்தாத்தாள்.

"நீ சும்மா இரு."

ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு குடிமங்கலம் வந்தோம். நெல்லிக்கனி மார்க் முதலாளி காரை மாடு இழுக்கிறது. ரோட்டோரம் நின்று பார்த்தவர்களில் ஒருவன், "ஏனுங்க, பெட்ரோலுக்குப் பதிலாப் புண்ணாக்குங்களா?" என்றான். அந்த வார்த்தையைத்தான் நான் திருப்பூர் வரைக்கும் மென்றுகொண்டு வந்தேன். லாரி கட்டி இழுத்து வந்து நேராகக் கொட்டகை முன்னால் நிறுத்தினேன். தாராபுரம் ரோடே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஏய்யா, இதுக்கா கூலி கேட்டே? இவன்கிட்ட வண்டி விடற எவனும் மாடு ரெண்டு சேத்து வாங்கிக்குங்கடா!"

அதுவரைக்கும் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

அவர் பானெட்டைத் திறந்து கைவைத்துப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "பேரிங் வெந்துருச்சுங்க. எண்ணெய் வரலீங்க. எனக்கு ஒரு நாள் குடுங்க முதலாளி, தொட்டியக் கழட்டி என்னன்னு பாத்தர்றேன். பைசா வேண்டாமுங்க."

ஒரு நாள்தான் கேட்டார். கொடுத்திருந்தால் மூடியைத் திறந்த உடனே தெரிந்திருக்கும். நான் அதே லாரியில் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே ஒரு பெரிய வொர்க்‌ஷாப். ஆடி இருபத்தெட்டாம் தேதி போனபோது, கன்னையன் என்கிற ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். எண்ணெயில் ஊறிய அட்டை. ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு எழுத்து தெளிவாக இருந்தது: 'க்கனி மார்.'

"பம்பு மூடிக்கு எவனோ அட்டை வெச்சிருக்கானுங்க" என்றார். "இங்க பேக்கிங்கே கெடையாதுங்க. இரும்பும் இரும்பும் ஒட்டி உக்காரணும். உள்ள ஒரு தாள் கனம் இடைவெளி இருந்தாலே அதிகம். இத்தாத்தண்டி அட்டை வெச்சா, எண்ணெய் சுத்திச் சுத்தி உள்ளயே கெடக்கும், மேல ஏறாது. எந்த ஊரு மெக்கானிக்குங்க?"

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன், "திருப்பூர்க்காரன். பெட்டியப் பாத்தாத் தெரியலியா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தாளு கையில இனி ஸ்பேனரே குடுக்கக் கூடாதுங்க" என்றார் கன்னையன்.

நான் தலையை ஆட்டினேன். 'ஆமாம்' என்று ஆட்டினேன். அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மறுநாள் இருநூற்று எண்பத்தைந்து ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டுக்குப் போனேன். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன், இதைப் படிக்கிறவர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கொட்டகை முன்னால் ஆட்கள் நின்றார்கள். நான் கத்தியதைக் கேட்டு, வேலைக்கு விட்டிருந்த இரண்டு வண்டிக்காரர்கள் பாதியில் வண்டியைத் திரும்ப எடுக்க வந்திருந்தார்கள். நஞ்சப்பனும் நின்றிருந்தார். ராஜா முகமது என்னைப் பார்த்ததும் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். பணம் கேட்கவில்லை.

"என்ன கோளாறுன்னு சொன்னாங்களாங்க முதலாளி?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாலு எட்டு வைத்தால் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்துவிடலாம். வாய் திறந்தேன்.

"பம்பு" என்றேன்.

"பம்புல எங்கீங்க?"

"அதெல்லாம் எனக்கென்னய்யா தெரியும்? பம்பு பூட்டுனது சரியில்லைன்னான்."

ராஜா முகமது தன் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். பின்னால் நஞ்சப்பன், "கேட்டுக்கிட்டயா? இதுக்கு மேல என்ன தவணை?" என்றார். நான் பணத்தோடு திரும்பி நடந்தேன்.

ஆடி கடைசி நாளன்று அவர் மனைவி சபுரா பீவி எங்கள் ஊட்டுக்கு வந்தாள். நான் உள்ளே இருந்தேன்.

"சாமான் வாங்குன காசாச்சும் குடுத்தாங்கன்னாப் போதும்னு கேக்க வந்தனுங்க. அவருக்குத் தெரியாதுங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

முத்தாத்தாள் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் வெளியே போய், "ஊட்ல இல்லீங்க கண்ணு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

ஆவணி முதல் தேதி ராஜா முகமது சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். நான் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். ஸ்பேனர்களைச் செய்தித்தாள் விரித்து வரிசையாகவே அடுக்கினார். தகரத்தை நஞ்சப்பன் பாக்கிக்குப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். நான் வளர்ந்தேன். பதினாறு மிஷின் நாற்பது ஆனது, சாயப்பட்டறை போட்டேன், இரண்டாவது கார் வாங்கினேன். அட்டை மட்டும் என் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது. எறியலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

எழுபத்திரண்டில் என் மச்சினன் குமாரவேல் கொமரலிங்கத்திலிருந்து வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான்: "நம்மூர்ல ஒரு மெக்கானிக் பாய் இருக்கறாருங்க மாமா. தோட்டத்து இஞ்சின் ரிப்பேர். 'ரெண்டுதடவை பாய்'னு பேரு. எந்தப் பம்பைப் பூட்டுனாலும் மறுபடி அவுத்துப் பாத்துட்டுத்தான் உடுவாரு. அதனால ஒரு நாள் வேலை ரெண்டு நாள் ஆகும். பொறுமை இருக்கறவன்தான் கூப்புடுவான். ஆனாக் கூலி ஒரு நாளுக்குத்தான் வாங்குவாரு. திருப்பூர்ல ஒருக்காப் பம்பு பூட்டித் தப்பாயிருச்சாமுங்க."

மறுநாள் காலையிலேயே புறப்பட்டேன்.

அமராவதி வாய்க்கால் ஓரம் ஒரு நெல் வயல். ஆயில் இஞ்சின் பக்கத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. வயல்காரர் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். நாற்று காய்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார்.

"வாங்க முதலாளி" என்று எழுந்தார் ராஜா முகமது. நேற்றுத்தான் பார்த்த மாதிரி. "அம்மிணி சௌக்கியமுங்களா?"

நான் அட்டையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்தைப் படித்தார். பிறகு விரல்களுக்கு நடுவில் வைத்துக் கனம் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்ப வெச்சீங்க?"

"நீங்க ஜும்மாவுக்குப் போனப்ப."

"கோயமுத்தூர்ல பாத்தாங்களா?"

"ஆமாங்க." அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது எனக்கே கேட்டது. "அன்னைக்கு கொட்டகைக்கு வந்தப்பவே என் சட்டைப்பையில இருந்துச்சுங்க."

வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், ஒரு வார்த்தை சொல்வார், அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் வழி முழுக்க நினைத்து வந்தேன்.

"நான் அவுத்துப் பாத்திருக்கணுமுங்க" என்றார். "ஸ்பேனர் கையிலதான் இருந்துச்சு."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க ராவுத்தரே. அளந்தது, வெச்சது எல்லாம் சரிங்க. தப்பு என்னுது."

"சரீங்க."

"இனி ரெண்டு தடவை அவுக்க வேண்டியதில்லீங்களே?"

வயல்காரர் பொறுக்க முடியாமல், "பாய், பூட்டியாச்சுல்ல? இஞ்சினை உடலாமா?" என்றார். ராஜா முகமது குனிந்து பம்பு மூடியின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். முடுக்கவில்லை. அவிழ்த்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்து, தாளில் வரிசையாக வைத்து, மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி மூடிப் பூட்டுகிற வரைக்கும் நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது மிஷின்காரன், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

இஞ்சின் ஓடியது. தண்ணீர் வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் கொண்டுபோயிருந்த ஆயிரம் ரூபாய்க் கட்டை எடுத்தேன்.

"இத்தனைக்கு நான் வேலை செய்யலீங்களே முதலாளி. கூலி நூத்தியறுவது. சாமான் நூத்தியிருவத்தஞ்சு."

"வட்டின்னு வெச்சுக்குங்க. கொட்டகை போன கணக்குன்னு வெச்சுக்குங்க."

"எங்கள்ல வட்டி வாங்கறதில்லீங்க. கொட்டகை உங்க கணக்குல வராதுங்க, அது நஞ்சப்பன் கணக்கு." சிரித்த மாதிரித்தான் இருந்தது. வலது கையை என் முன்னால் விரித்தார். விரல் இடுக்குகளில் எந்த மண்ணெண்ணெய்க்கும் போகாத கறுப்பு.

நான் எண்ணினேன். நூறு. இருநூறு. பத்து ரூபாய் நோட்டு எட்டு, ஒவ்வொன்றாக. ஐந்து ரூபாய் என் கட்டில் இல்லை. வயல்காரரிடம் பத்துக்குச் சில்லறை மாற்றி, கடைசி ஐந்தையும் அந்தக் கையில் வைத்தேன்.